எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அது முழுசாகும்.

போன வாரம் நம் வீட்டு முன்னறையில், பங்குக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார், பேக்கரிக்காரர், அவர் மனைவி, மேல்மாடித் தையல்காரி, உன் சித்தி, அப்பா, நான். வேறு ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு விதமாக உன் காதில் விழக் கூடாதென்றுதான் சரியாக எழுதுகிறேன். மன்றாட்டு சொல்லும் முறை எனக்கு வந்தது. எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்காக என்று ஆரம்பித்து, எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் அங்கே செத்தவர்களுக்காகவும் என்று முடித்தேன். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, கடைசியில் நானே சொல்லிக்கொண்டேன். அக்கா ரொட்டியை ரெண்டு பக்கமும் வாட்டுறாங்க என்று பேக்கரிக்காரர் சொல்லிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. தையல்காரியின் தம்பி போன மாதம் சண்டையில் போனது உனக்குத் தெரியும். அவள் எழுந்து, "என் தம்பியைச் சுட்டவனுக்குமா அக்கா வேண்டுறீங்க? நாளைக்கு உங்க பிள்ளை பெட்டியில வந்தாலும் இதையே சொல்வீங்களா?" என்றாள்.

நாட்டைக் காக்க நிற்பவன் பாவி இல்லை, ஆனால் எவ்வளவு நியாயமான சண்டையும் பகைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது என்று சாமியார் அப்புறம் சொன்னார், அவள் அழுகை அடங்கும்வரை நான் பொறுத்திருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டும் சரிதான். அப்பா டிவியில் செய்தி போட்டு உட்கார்ந்தால் அதோடு சரி, இதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. இந்த வாரக் கூட்டம் பேக்கரிக்காரர் வீட்டில் நடந்ததாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. தையல்காரி படியில் எதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறாள், பகலெல்லாம் மேலே ஓடும் அவள் மிஷின் சத்தம்தான் எனக்குத் துணை.

சித்தி உனக்குப் போன் போட்டு எல்லாம் சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகுதான் உன்னிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. உன்னைச் சுடுகிறவனுக்காக உன் அம்மாவே வேண்டினாள் என்று கோபமா? கோபம் என்றால் அதையே எழுது. அவள் கேட்டதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு அந்த வேண்டுதல் வாயில் வராதப்பா, அது நிச்சயம். அதனால்தான் நீ உயிரோடு இருக்கும்போதே, சொல்ல முடிகிறபோதே, தினமும் சொல்லி வைக்கிறேன்.

ஆயுதம் இல்லாத ஜனங்கள் மேல் சுடச் சொன்னால் மாட்டேன் என்று சொல், மேலதிகாரி சொன்னான் என்பது கடவுள் முன்னால் நிற்காது. பிடிபட்டவன் தண்ணீர் கேட்டால் கொடு. காலுறையை ஈரத்தோடு போடாதே. மாதா உன்னை மறைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். இரண்டு வரி போதும், சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா