ஆட்டாமல் வைத்த வாளி

கொள்ளேகால்
3 ஜூலை 2025

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் கேட்டால் “ம்” என்பதோடு முடிந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கீழ்வீட்டு லிங்கம்மா நேற்று போன் செய்து, மாடியில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள். எலியா, செடிகளுக்கு ஊற்றும் உரத் தண்ணீரா, என் கம்போஸ்ட் டீயா? படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? மண்புழு உரத்தைத் துணியில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு, கொஞ்சம் வெல்லம் கரைத்து, மீன்தொட்டி பம்பை ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். உரத்தில் இருக்கிற நல்ல கிருமிகளுக்கும் மூச்சு வேண்டும். மண் வாசனை வந்தால் தண்ணீர் கலந்து தொட்டிகளுக்கு ஊற்றலாம், நாறினால் கொட்டிவிட வேண்டும். என் மல்லிகைக்கு என்ன ஆயிற்று? இப்போதுதான் முதல் மொட்டு விட்டிருந்தது.

இன்னொன்று. இந்தக் கிளையிலேயே இன்னும் மூன்று வருடம் இருக்கிறீர்களா, மைசூருக்கே திரும்புகிறீர்களா என்று மேனேஜர் என்னிடம் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன செய்யட்டும்?

உங்கள்
பிரதிபா


மைசூர்
7 ஜூலை

பிரதிபா,

சௌக்கியம். மல்லிகை இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. துளசி சாய்ந்துவிட்டது. கறிவேப்பிலை மட்டும் தப்பித்தது.

பழியை என் தலையில் மட்டும் போடாதே. கல்யாணமான புதிதில் உறை ஊற்றிய பாத்திரத்தை நகர்த்திவிட்டேன் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவள் யார்? “உறை ஊத்தின பாத்திரத்தை ஆட்டக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?” என்று என் தங்கை முன்னால் கேட்டாய். அன்றைக்குக் கற்றுக்கொண்டது. அதுவும் கிருமி, இதுவும் கிருமி. பம்ப் கலக்கிக்கொண்டே இருந்தால் எப்படி உறையும்? அதனால் பம்பை நிறுத்தி, வாளியை இறுக மூடி, மழைக் குளிருக்கு என் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி, அசைக்காமல் வைத்தேன். திறந்தால் நாறியது. எரு என்றால் நாறத்தானே செய்யும்? வீரியம் குறையக் கூடாதென்று தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றினேன்.

மேனேஜர் விஷயம் உன் இஷ்டம்.

சுதர்ஷன்


கொள்ளேகால்
11 ஜூலை

உங்களுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை, கவனித்தீர்களா?

வாளிக்கு ஸ்வெட்டரா? ஆபீஸில் வைத்துப் படித்தேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தயிர் வேறு, இது வேறு. சந்தேகம் வந்தால் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே? கேட்க மாட்டீர்கள். எதையும் மூடிவைத்துத் தொடாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது உங்கள் கணக்கு.

போன வருடம் மாற்றல் உத்தரவைக் காட்டி, போகட்டுமா என்று கேட்டேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டே “உன் இஷ்டம்” என்றீர்கள். இப்போதும் அதே இரண்டு வார்த்தை. ராத்திரிக்குச் சப்பாத்தியா தோசையா என்று கேட்டாலும் அதேதான். என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்கு என்று ஒன்று உண்டா என்பதுதான் இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கே கையெழுத்துப் போடப் போகிறேன். சந்தோஷமாக இருங்கள்.

பிரதிபா


மைசூர்
16 ஜூலை

பிரதிபா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

உத்தரவைக் காட்டிக் கேட்டாயாம். அதற்கு முன்பே கொள்ளேகாலில் வீடு பேசி முடித்துவிட்டாய். லிங்கம்மாவுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்பவளிடம் என்ன சொல்வது? போகாதே என்றால், பெண்டாட்டி முன்னேறுவது பொறுக்கவில்லை என்று உன் அண்ணன் வினய் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

மல்லிகைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாயே, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாயா? இரண்டு கடிதத்தில் ஒரு வரி? வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சுச் சத்தம் வேண்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன். இதெல்லாம் லிங்கம்மா போனில் சொல்லவில்லையா?

கையெழுத்துப் போடாதே. இங்கே வா. என் இஷ்டம் இதுதான்.

மல்லிகையின் அடித்தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது. புதிதாக உரம் கட்டி பம்பை ஓடவிட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் மனிதன் தூங்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்.

சுதர்ஷன்


கொள்ளேகால்
21 ஜூலை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. மறுபடி எடுத்துப் படித்தேன், மறுபடியும் எரிந்தது. வீடு பேசியது உண்மை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நடுவில் என் அண்ணனை எதற்கு இழுக்கிறீர்கள்? பதில் சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது, ஒரு கடிதத்தில் அடங்காது.

மைசூருக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உத்தரவு வருகிறபோது வரட்டும், இந்தச் சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே புது வாளி போட்டு பம்பை ஓடவிடுங்கள். நான் வந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் மல்லிகைக்கு ஊற்ற வேண்டும்.

மீதிச் சண்டையை நேரில் போடலாம். அதுவரை கோபத்தை மட்டும் ஆறவிடாதீர்கள்.

உங்கள்
பிரதிபா