அப்பாவின் அரை இஞ்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இருவரும் என்ற சொல்லைப் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன், ஏன் என்று கீழே படித்தால் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். கோபப்படுவதாக இருந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படு. ஆறு வாரமாக உன்னிடம் வாய் கூசாமல் பொய் சொல்லி வந்திருக்கிறேன். நீ ஃபோன் பண்ணும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார், நூல் வாங்கப் போயிருக்கிறார் என்றேன். போன வாரம் நீயே, அப்படி என்னம்மா குளியல், தோல் ஊறிப் போயிடாதா என்று கேட்டாய். அவர் குளிக்கவில்லையடி. அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இப்போது நடக்கிறார். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன், நடுவில் நீ பயப்பட இடம் வைக்கக் கூடாது என்று.

விழுந்தது வீட்டு முன்னறையில், நம் தையல் கடையில்தான். கோட்டுக்கு உள்ளே வைக்கிற வழுவழு லைனிங் துணியில் ஒரு துண்டு தரையில் கிடந்திருக்கிறது. தரையில துண்டு கிடந்தா காலை வாரிடும் என்று உன்னையும் என்னையும் ஆயுசு முழுக்கத் திட்டியவர், தானே போட்ட துண்டில் தானே வழுக்கினார். அதைப் போட்டது தான்தான் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. உயரத்திலிருந்து விழவில்லை, நின்ற இடத்திலிருந்துதான் விழுந்தார், எழுபத்தொன்பது வயது எலும்புக்கு அதுவே போதுமாம். நான் ஓடிவந்து பார்க்கும்போது இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்த வலியிலும் மனுஷர் தலையைத் தூக்கிப் பார்த்து, இடது கால் முக்கால் இஞ்சு குறையுது பாரு என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம், உங்க பேண்ட் வியாழக்கிழமை ரெடி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எலும்பு டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், சுருட்டை முடி, பொறுமைசாலி. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வயசுல இப்படி விழுறவங்கள்ல நாலஞ்சு பேருக்கு ஒருத்தர் ஒரு வருஷம் தாண்டுறதில்லைம்மா, எலும்பைவிடப் படுக்கைதான் ஆளைக் கொல்லும், அதனால நாளைக்கே ஆபரேஷன், மறுநாளே நடக்கணும் என்றார். உனக்கு ஃபோன் பண்ண எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாயே என்றுதான், வேறொன்றும் இல்லை. உடைந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு பந்து வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை நடக்கப் பழக்குகிற அம்மா வாக்கரோடு வந்து நின்றார். அப்பா அவருக்கு நடைக்காரம்மா என்று பேர் வைத்திருக்கிறார்.

இனிமேல்தான் கூத்து. நம் ஆள் தலையணைக்கு அடியிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அது கழுத்தில்தானே கிடந்தது. நர்ஸை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி இரண்டு காலையும் அளந்தார். இடது கால் அரை இஞ்சு குட்டை. அவ்வளவுதான், தரையில் காலை வைக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். டாக்டர் வந்ததும், தம்பி, அளவு தப்பிடுச்சு, பிரிச்சு மறுபடி தைங்க என்றாரே பார்க்கணும். டாக்டர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், ஐயா இது பேண்ட் இல்ல என்றார். அப்பா அசையவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் லேசாக இருமினார். டாக்டரின் முகம் மாறியது. இன்னிக்கு எழுந்திருக்கலேன்னா நெஞ்சுல சளி கட்டிடும், அப்புறம் என் கையில இல்ல என்றார். அப்போதுதான் நாற்பத்தொன்பது வருஷமாக நான் வாய் திறக்காத ஒன்றைத் திறக்க வேண்டியதாயிற்று.

உனக்கும் தெரியாது, கேட்டுக்கொள். நாங்கள் இருவரும் ஒரே கடையில் வேலை பார்த்தபோதுதான் கல்யாணம் நிச்சயமானது. அவருடைய கல்யாணப் பேண்டுக்கு அவரே அளவெடுக்க முடியுமா, நான்தான் எடுத்து என் அளவு நோட்டில் குறித்துக்கொண்டேன். வலது கால் நாற்பது, இடது கால் முப்பத்தொன்பதரை. பிறவியிலேயே அப்படி. சொன்னால் அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருப்பார் என்று சொல்லவில்லை. நம் கடையில் வெட்டுவது அவர், அடிமடிப்பு என் வேலை. அன்றிலிருந்து இன்றுவரை அவருடைய ஒவ்வொரு பேண்டுக்கும் இடது காலை மட்டும் அரை இஞ்சு கூடுதலாக மடித்துத் தைத்து வருகிறேன். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிற மனுஷருக்குத் தன் அளவு தெரியாது.

வீட்டுக்கு ஓடி அந்தப் பழைய அளவு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். என் கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கிறது. டாக்டரும் எட்டிப் பார்த்துவிட்டு, அப்ப நான் சரியான அளவுலதான் வெச்சிருக்கேன் என்று குழந்தை மாதிரி கை தட்டினார். அப்பா என்னைப் பார்த்து, இது தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே என்று கேட்டார். அரை இஞ்சுதானே, மடிச்சுத் தைச்சுக்கலாம்னு நினைச்சேன் என்றேன். அந்த வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, வாக்கரைக் கொண்டாங்க என்றார். அன்று நான்கு அடி வைத்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இப்போது கைத்தடிக்கு வந்துவிட்டார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. எலும்பு உறுதிக்கு வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, அந்த அரைமணியில் இரண்டு சட்டைக்குப் பட்டன் வைத்துவிடுகிறார். நீ உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பாதே, லீவு கிடைக்கும்போது நிதானமாக வா. உன் வீட்டு வாசலில் சுருண்டு கிடக்குமே ஒரு கால்மிதி, அதை இன்றைக்கே தூக்கி எறி. தினமும் கொஞ்சம் வெயிலில் நட. மாப்பிள்ளையையும் கூட இழுத்துக்கொண்டு போ, நாற்காலியிலேயே வாழ்கிறார்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நடைக்காரம்மா இந்த வாரம் அப்பாவைத் தெருமுனைத் தபால் பெட்டிவரை நடக்கச் சொல்லியிருக்கிறார். கையில வேலை இல்லாம எவன் நடப்பான், ஒரு கடிதாசி எழுதிக் குடு என்று காலையிலிருந்து என் உயிரை வாங்குகிறார். நான் துணைக்கு வரக் கூடாதாம். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், அதனால் முடிக்கிறேன்.

நோய் நொடி இல்லாமல் சிரித்த முகமாக நீங்கள் இருவரும் நீண்ட நாள் வாழ வேண்டும். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதென்றால் அப்பா தபால் பெட்டிவரை நடந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். படித்து முடித்ததும் ஃபோன் பண்ணு. நான் எடுக்கமாட்டேன், அவர்தான் எழுந்து நடந்து வந்து எடுப்பார். கொஞ்சம் நேரமாகும், மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைத்துவிடாதே.

இப்படிக்கு,
இனிமேல் உன்னிடம் பொய் சொல்லாத
அம்மா