மூன்றாம் ஓலைக்கு முன்னால்

ராயபுரம்,
வியாழக்கிழமை.

என் செல்ல மகள் சாராவுக்கு அம்மா ஆசீரோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாய் இருக்கவேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், உள்ளறையில் உன் தம்பி ஜெரி காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். எதிர்வீட்டு ரோசியின் மகள் இன்றைக்கு ராத்திரி உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், கருவாட்டுப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

நம் நாய் புரூனோவுக்கு இப்போது கண் சுத்தமாய்ப் போய்விட்டது. வீடியோவில் பார்த்தே நீ, இருட்டில் அதன் கண் ரொம்பப் பளபளக்கிறது, இது விழித்திரை நோய், நான் ஆராய்ச்சி பண்ணுகிற நாய்களுக்கும் இதுதான், வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றாதே, அது மனப்பாடமாய் நடந்துகொள்ளும் என்று சொன்னாய். நாய்க்கும் எலிக்கும் கண் பார்க்கத்தான் இத்தனை வருஷம் படித்தாயா என்று நான் கேலி பண்ணினேன். அந்த வாயோடுதான் இதையும் சொல்கிறேன். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் லாரித் தண்ணீர் பிடித்து, ஏதோ ஞாபகத்தில் குடத்தை வாசல் ஓரமாகவே வைத்துவிட்டேன். புரூனோ வந்து முட்டிக்கொண்டது. ஐயோ என் ராசா என்று அதைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஜெரி வந்து அதே குடத்தில் இடித்து அத்தனை தண்ணீரையும் கவிழ்த்தான். இருட்டு என்று சொல்ல முடியாது, எனக்குக் குடம் நன்றாகத் தெரிந்தது. நாயைத் திட்டாதவள் அவனைத் திட்டினேன், திட்டிக்கொண்டிருக்கும்போதே அவனும் குடத்தைப் பார்க்கவில்லை என்று புரிந்தது.

தவக்காலத்தில் அவன் படகை மோதினானே, அது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. விடியுமுன் காசிமேட்டுக்குத் திரும்பும்போது, எப்போதும் காலியாய் இருக்கிற இடத்தில் யாரோ படகைக் கட்டி வைத்திருக்கிறார்கள், இவன் நேரே போய் இடித்துவிட்டான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று கரை முழுக்கப் பேச்சு, ஓனர் பாஸ்கர் அண்ணன் வேலையை விட்டே நிறுத்திவிட்டார். ஒரு சொட்டு தொடாத பிள்ளை, ஆமாம் குடித்தேன் என்று அவனே ஒத்துக்கொண்டான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று இப்போது கேட்டால், "குடிகாரன்னா ரெண்டு மாசத்துல மறந்துடுவானுங்கம்மா, கண்ணு தெர்லன்னா எவன் நம்பி படகு குடுப்பான்" என்கிறான்.

மாலைக்கண் என்று நினைத்து, கரையில் எல்லாரும் செய்கிற மாதிரி நானும் சுறா ஈரலை வறுத்து வறுத்துப் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது டாக்டரம்மா கண்ணில் மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, இது சத்துக்குறைவு இல்லை, ஈரலை நிறுத்துங்கள், அளவுக்கு மீறினால் அவன் ஈரல் கெடும் என்றார். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகிறதாம், மருந்து இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம். அப்புறம் மெதுவாக, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அத்தை மகனைத்தான் கட்டினேன் என்றேன். பையனுக்கும் தாய்மாமன் பெண்ணைத்தான் பேசியிருக்கிறது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குள்ளும் இது ஒளிந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரலாம், முதலில் அவளுக்கும் ரத்தம் சோதியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது சாரா. ஜெரிக்கும் கரோலினுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசிக்கும்போது, தடை தெரிந்தவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஓலை இந்த ஞாயிற்றுக்கிழமை. உறவு நெருக்கம் என்று மறைமாவட்ட ஆயர் வரைக்கும் எழுதி அனுமதி வாங்கினோம், கண்ணுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. சொன்னால் செத்துப்போவேன் என்கிறான் உன் தம்பி. மருமகளாய் வரப்போகிறவள் என்பதற்கு முன்னால் அவள் என் அண்ணன் பெண், நான் தூக்கி வளர்த்தவள்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனேன். நல்லவேளை, என் அண்ணன், உன் லியோனார்ட் மாமா, வேலைக்குப் போயிருந்தார். கரோலின் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "பொழுது சாஞ்சா ஜெரி மாமா என் கைய புட்ச்சிக்கினேதான் நடக்கும் அத்தே, வுடவே வுடாது. நான் ஆசைன்னு நென்ச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அப்புறம், "அப்போ அது ஆசை இல்லியா அத்தே?" என்று கேட்டாள். கிளம்பும்போது தெருமுனை வரை வந்து, "மாமாவ பகல்ல வரச் சொல்லு. கைய புடிக்காம, என் மூஞ்சிய பாத்து அதுவே சொல்லட்டும். ஓலை படிக்கறதா வேணாமான்னு அப்பால நான் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தாள்.

வந்து ஜெரியிடம் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசினால் அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றுதான் அவனுக்குத் தோன்றும். நீ பேசினால் கேட்பான். சனிக்கிழமைக்குள் போன் பண்ணி, பகலிலேயே போய் அவளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லு. வேலை போனாலும் வேறு வேலை உண்டு, ரத்தச் சோதனைக்கு வழி உண்டு என்று உனக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொல்லு, இல்லாத நம்பிக்கை எதையும் கொடுத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை போடாமல் தரையில் நடக்காதே. ஆண்டவர் உன்னையும் உன் வேலையையும் ஆசீர்வதிக்கட்டும், உன் கைபட்ட எலிக்கும் நாய்க்கும்கூடப் பார்வை வரட்டும். கடைசியாக ஒன்று. ஜெரி பிறந்த அதே வயிற்றில்தான் நீயும் பிறந்தாய். ஊரில் உள்ள ஜீவன்களுக்கெல்லாம் கண் பார்க்கிறவள், உன் கண்ணை யாரிடமாவது காட்டினாயா இல்லையா என்று இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் பயந்துகொண்டு கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். சாயங்காலம் ஆனால் உனக்கு நன்றாகத் தெரிகிறதா மகளே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா ஆலிஸ்