சோதனைக்கூடக் கோட்டில் இருந்த ஓட்டை

அனுப்புநர்:
இஸ்திரிக் கடைக்காரர்,
தையல் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் கடைக்கும் நடுவே,
கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தின் எதிர்ச் சந்து.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
கலை அறிவியல் கல்லூரி.

பொருள்: பெற்றோர் கையொப்பமின்றி என் மகளிடம் விலகல் கடிதம் பெற்றது குறித்துப் புகார், வேதியியல் இடத்தைத் திரும்ப அளிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை அவள் எங்களிடம் சொல்லாமல் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. சேருவதற்குத் தாய், தந்தை இருவர் கையெழுத்தும் கேட்ட அலுவலகம், விலகுவதற்கு ஒருவர் கையெழுத்தும் கேட்கவில்லை. நேரில் வந்து விசாரித்தேன். எழுத்தர், "உங்க பொண்ணுதானே எழுதிக் குடுத்தா? வெள்ளிக்கிழமை அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்" என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அவளுடைய மூன்று வருடப் படிப்புக்கு என்னிடம் இருப்பது, பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் கடையையும் வாடகைக்கு எடுப்பதற்காக வைத்திருக்கும் முன்பணம் மட்டும்தான். நான் எடுக்காவிட்டால் பெரிய சலவை இயந்திரங்களோடு ஒருவர் அங்கே வரப்போவதாகக் கேள்வி. அவர் வந்தால் என் பிழைப்பில் மண். பணத்தைப் படிப்பில் போட்டு அவளுக்கு வேலையும் கிடைக்காவிட்டால், உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்ற கதைதான்.

3. எனவே பலரிடம் விசாரித்தேன். வேதியியல் படித்த ஒருவர் செல்போன் கடையில் உறை விற்கிறார். இன்னொருவர், மேற்கொண்டு இரண்டு வருடம் படித்தால்தான் மதிப்பு என்றார். கேட்கக் கேட்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

4. சட்டையைப் பார்த்து ஆளை எடைபோடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாளின் துணிகள் என்னிடம்தான் தேய்ப்புக்கு வருகின்றன. வெள்ளைக் கோட்டின் கை ஓரத்தில் அமிலம் தின்ற ஓட்டைகள். கூடவே வரும் சட்டைகளோ காலர் நைந்து, நிறம் போனவை. சம்பளம் இவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கோட்டை மேசையில் விரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டு என் மகளிடம் காட்டினேன். "பாரும்மா, கோட்டுக்கே இந்தக் கதின்னா உள்ள இருக்கற கைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். மறுநாள்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள்.

5. புதன்கிழமை அந்த அம்மாள் துணி வாங்க வந்தார். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார். "ஓட்டை கோட்டுல விழத்தாண்ணே கோட்டே போடறோம். நல்ல சட்டையை யாராவது லேபுக்குப் போட்டுட்டுப் போவாங்களா? நல்லதையெல்லாம் வீட்டுல துவைச்சு நானே தேய்ச்சுக்குவேன்" என்றார். முதல் இரண்டு வருடம் சம்பளம் கைக்கும் வாய்க்குமாகத்தான் இருக்கும், அதில் பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் என் மேசைமேல் வைத்துக் காட்டினார். ஒரு வடுகூட இல்லை.

6. இதனால் என் பயம் தீர்ந்துவிட்டதாகத் தாங்கள் கருத வேண்டாம். வேலை கிடைக்குமா, பக்கத்துக் கடைக்கு யார் வருவார், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் பயம் என்னுடையது. அதற்காக அவள் இடத்தை இழப்பது நியாயமில்லை.

7. ஒன்றைச் சொல்லாமல் இம்மனுவை முடிக்க மனம் வரவில்லை. இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கையோடு என் மகள், "நான் கடையைப் பாத்துக்கறேம்பா" என்று வந்து நின்றுவிட்டாள். நான் துணிக்கட்டு வாங்க வெளியே போயிருந்த நேரம், பெட்டியைத் தூக்கத் தெரியாமல் தூக்கி மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். என்னிடம் மறைக்க முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். சாப்பிடக் கை கழுவும்போதுதான் பார்த்தேன். படிப்புக்கு என்ன செலவு, வேலையில் என்ன ஆபத்து என்று ஊரெல்லாம் விசாரித்த நான், என் முழங்கை வரை உள்ள தழும்புகளை ஒருநாளும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. என் மணிக்கட்டுத் தழும்பு இருக்கும் அதே இடத்தில், அதே அளவில் அவளுக்கும் கொப்புளம்.

ஆகவே, வெள்ளிக்கிழமை அடுத்தவரை அழைக்கும் முன், அக்கடிதத்தைச் செல்லாததாக்கி, என் மகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு மன்றாடுகிறேன். கையெழுத்திட நானும் என் மனைவியும் நாளைக் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்போம். முன்பணத்தையும் கையோடு கொண்டு வருகிறோம்.

இடம்: கடை
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மாணவியின் தந்தை