கதவு திறக்குமுன் வரும் அழைப்பு

அண்ணன்,

காலையிலிருந்து விடாத மழை. கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அழைப்புக்குக் காத்திருக்கிறேன். நீங்கள் கண்மூடி ஒரு மாதமாகிறது என்று தெரிந்தும் காத்திருக்கிறேன், பைத்தியம் போல.

சுனாமி எங்கள் பிரதேச சபைக் கந்தோரை நனைத்துப்போட்ட கிழமை, வீரமுனையில் உங்கள் நெல் சூடடிக்கிற களத்தில் ஃபைல்களை விரித்துக் காயவைத்தோம். நான் அவற்றுக்குப் பொறுப்பான கிளாக்கர். நீங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் குளத்து வான்கதவு திறப்பவர். அவற்றோடு இருந்த சபையின் பழைய நில வரைபடம் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தது நீங்கள்தான். வாய்க்கால் ஓரத்து நிலம் வெள்ளம் வடிவதற்கென்று ஒதுக்கி விட்டது என்று அதில் தெளிவாக இருந்தது.

பிறகு அதே நிலத்தில்தான், கடல் வீட்டைக் கொண்டுபோன ஆட்களைச் சபை குடியேற்றியது. என் கூடப்பிறந்த ராத்தாவும் பிள்ளைகளும் அங்கேதான். அங்கே வீடு கட்டக் கூடாதென்று உங்கள் கந்தோர் வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் வரைபடம் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். சத்தியம் செய்த வாயால், கடலோடு போயிற்று என்றேன். அது என் வீட்டு அலுமாரியில் இருந்தது.

அடுத்த சாட்சி நீங்கள். யா அல்லாஹ், நீங்கள் கூண்டில் ஏறிப் பதில் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. சபையின் வரைபடத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள்.

"நான் கதவு திறக்கிற ஆள் ஐயா. கடதாசி எனக்கு விளங்காது."

நாட்டில் சண்டை முடிந்த வருடம் வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது. சபையில் இனிப்புக்கு வட்டிலப்பம் பகிர்ந்தார்கள், என் பங்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நீங்கள் என்னை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வீடு இருக்கட்டும், தங்கச்சி. தண்ணி வந்தா எங்க போகும்? கதவு திறக்க முந்திச் சொல்றன், ஆக்கள மேட்டுக்கு ஏத்திப் போடுங்க" என்றீர்கள்.

ஒவ்வொரு மாரியிலும் அழைத்துச் சொன்னீர்கள். நான் ராத்தாவுக்குச் சொல்லுவேன், ராத்தா எல்லா வீட்டுக்கும் ஓடிச் சொல்லுவா. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இன்று மணி அடிக்கவேயில்லை. கடைசியில் உங்கள் இடத்துக்கு வந்திருப்பவருக்கு நானே அழைப்பு எடுத்தேன். கதவு திறக்க முந்தி எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டேன். நீங்க ஆரு, உங்களுக்கு ஏன் சொல்லணும் என்றார். அந்த நிலம் வெள்ளத்துக்கு விட்டது என்றேன். எப்படித் தெரியும் என்றார்.

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் வைத்த கற்களின் தடம் நாலு மூலையிலும் இன்னும் இருக்கிறது. ராத்தாவின் வீட்டை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன். மழை இன்னும் வலுத்தது.

"சேர், நான் கோர்ட்டில பொய் சொன்ன ஆள்" என்று தொடங்கினேன்.