மழைக்கு இந்தோனேசிய மொழி தெரியும்

கோலோ தெருங்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்பு மாப்பிள்ளை நெலிஸ் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் ரோஃபினுஸ் எழுதுவது. நானும் செபினாவும் பிள்ளைகளும் நலம். மெலா நன்றாக இருக்கிறாள். முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. அக்கரைத் தோட்டத்து வெயிலில் உங்கள் உடம்பும் முதுகும் நலமாக இருக்க வேண்டும் என்று பூசையில் தினமும் சொல்லிக்கொள்கிறோம்.

ஈஸ்டர் முடிந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்கு மன்னிக்கவும். படித்தபோது கோபம் வந்தது. கோபத்தில் எழுதக் கூடாது என்று வைத்துவிட்டேன். பிறகு, எழுதுவதற்கு ஏதாவது சேரட்டும் என்று காத்திருந்தேன். இப்போது சேர்ந்திருக்கிறது.

"மெலாவுக்கு நான் வேண்டாதவன் ஆகிவிட்டேன். அவளை உங்கள் மகளாகவே வைத்துக்கொள்ளுங்கள், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஈஸ்டர் அன்று தொலைபேசியில் நீங்கள் அவ்வளவு நேரம் பேசியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசியில் கேலியாக "ஆமென்" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள் என்பது உங்கள் வருத்தம்.

மாப்பிள்ளை, அது கேலி இல்லை. உங்களுக்கு எங்கள் மங்கராய் மொழி வராது. அவளுக்கு உங்கள் திமோர் மொழி வராது. என் தங்கை யுஸ்தினா இருந்தவரை நீங்கள் இருவரும் வீட்டில் இந்தோனேசிய மொழி பேசினீர்கள். அவள் இறந்தபோது மெலாவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. அதன் பிறகு அவள் எங்கள் வீட்டில், எங்கள் பேச்சில் வளர்ந்தவள். இந்தோனேசிய மொழியை அவள் கேட்டது ஒரே இடத்தில்தான்: கோயிலில், சாமியார் வாயிலிருந்து. சிக்னல் கிடைக்கும் அந்தக் குன்றின்மேல் நின்று நீங்கள் பேசியதைக் கடைசிவரை கேட்டாள். சாமியார் பேசி முடித்தால் என்ன சொல்ல வேண்டுமோ, அதைச் சொன்னாள். இறங்கி வரும்போது என்னிடம் கேட்டாள்: "மாமா, அப்பா என்னா பூசை வச்சாரு? ஈஸ்டர் பூசையா?"

சிரித்தேன். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

ஜூலையில் அவளை என் வகுப்பில் சேர்த்தேன். ஒன்றாம் வகுப்பு எப்போதும் எனக்குத்தான் வரும். மற்ற ஆசிரியர்கள் தந்திரமாக மூன்று, நான்கு என்று வாங்கிக்கொள்வார்கள். வருகிற பிள்ளைகள் யாருக்கும் ஒரு வார்த்தை இந்தோனேசிய மொழி தெரியாது. "உட்காருங்கள்" என்பேன். எல்லாரும் நின்றுகொண்டே, சுவர் அதிர, "உட்காருங்கள்!" என்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் ரயில். இந்தத் தீவில் ரயிலுக்கு நான் எங்கே போக? இரண்டாம் பக்கத்தில் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஒரு பையன் அதை மிளகாய் என்றான். சரி என்றேன்.

மெலா மட்டும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. மற்றவர்கள் கத்துவார்கள், அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்ப்பாள். ஆனால் வீட்டில் நாள் முழுவதும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் காப்பிக்கொட்டை பொறுக்கும்போது, நடவுக்கு முன் எங்கள் ஊரில் மழையைக் கூப்பிடுகிற அந்த மெட்டை முனகினாள். எனக்கு அங்கேதான் யோசனை வந்தது. இந்த மெட்டு ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ரயிலையும் விளக்கையும் விட்டுவிட்டு, அந்த மெட்டிலேயே இந்தோனேசிய வார்த்தைகளைப் போட்டேன்:

மலைமேல் நிற்கும் மேகமே, தோட்டத்துக்கு இறங்கி வா.
வேர் எல்லாம் விழித்திருக்கிறது, இறங்கி வா.

மேகம் என்றால் தலைக்குமேல் இரண்டு கை. மழை என்றால் விரல்கள் மேலிருந்து கீழே. வேர் என்றால் குந்தி உட்கார்ந்து தரையில் விரல்களைப் பரப்ப வேண்டும். ஒரே வாரத்தில் பிள்ளைகளுக்கு வாய் திறந்துவிட்டது. ஆற்றங்கரையில் பாடினார்கள், எருமைக்குப் பாடிக் காட்டினார்கள். அடுத்து, மேகம் இருந்த இடத்தில் வேறு சொல் வைத்துப் பாடச் சொன்னேன். காற்றைக் கூப்பிட்டார்கள், ஆற்றைக் கூப்பிட்டார்கள், ஒருத்தி நிலாவைக் கூப்பிட்டாள். மெலா கைகளை மட்டும் ஆட்டினாள். வாய் மூடியே இருந்தது.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். அந்த மெட்டை நடவுக் காலத்தில் மட்டும்தான் பாடுவார்கள், வேறு மாதத்தில் வாயில் வரக் கூடாது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். வார்த்தையை மாற்றிவிட்டோமே, இனி இது அந்தப் பாட்டு இல்லையே என்று நினைத்துவிட்டேன். அது ஆகஸ்ட் மாதம். ஊர் முழுக்கத் தார்ப்பாயில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது.

மழை வந்தது. தூறல் இல்லை, கூரைத் தகரம் பேசுகிற மழை. பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்கிறேன், பெண்களும் ஆண்களும் தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு திசைக்கு ஒருவராக ஓடுகிறார்கள். என் பிள்ளைகளோ ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "மழை! மழை!" என்று நான் கற்றுக்கொடுத்த சொல்லை அழகான உச்சரிப்பில் கத்துகிறார்கள். அவ்வளவு சுத்தமாக அவர்கள் அன்றுவரை எதையும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு ரெகினா அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். நனைந்த தலையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "ஏன் வாத்தியாரே, கவர்மெண்டு உமக்குச் சம்பளம் குடுக்குது. நீரு எங்களுக்கு மழ குடுக்குறீரா? நானா கேட்டேன்? எங் காப்பி கேட்டுச்சா?" என்றாள்.

அன்று மாலையே, ஊர்ப் பறை தொங்கும் பொது வீட்டில் கூட்டம். நிலம் பிரித்துக் கொடுக்கும் தலைவர் லம்பெர்துஸ் பெரியப்பா நடுத்தூணில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்ன பாட்டுடா அது? பாடு பாப்போம்." பாட மாட்டேன் என்றேன். "ஏன்?" பாடினால் மறுபடியும் வரும் என்றேன். கூட்டம் சிரித்துவிட்டது. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பிறகு பெரிய வாக்குவாதம். மழைக்கு இந்தோனேசிய மொழி தெரியுமா தெரியாதா என்று. ஒருவர் அது நம் மலையில் பிறந்த மழை, நம் பேச்சுதான் தெரியும், இது தற்செயல் என்றார். இன்னொருவர் மெட்டைக் கேட்டுத்தான் வந்தது, வார்த்தையை அது கவனித்திருக்காது என்றார். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "நானும் சின்ன வயசுலேருந்து கூப்புடுறேன். நம்ம பேச்சுல கூப்புட்டா, ஆற அமர யோசிச்சு, இஷ்டம் இருந்தா வரும். இந்தப் பொடிசுங்க இந்தோனேசியால கூப்புட்டா ஒடனே வருது. அரசாங்க உத்தரவுன்னு நெனச்சிருக்கும்."

தீர்ப்பு: காப்பி வீட்டுக்குள் ஏறும்வரை பாட்டு நிறுத்தம். கூப்பிட்டது வந்தால், வரவேற்றுச் சேவல் அறுத்து மெட்டை மூட வேண்டும் என்பது முறை. மூடாத மெட்டு இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே சேவலும் கள்ளும் என் செலவு. செபினா தன் நல்ல சேவலைப் பிடித்துக் கொடுத்துவிட்டு என்னோடு மூன்று நாள் பேசவில்லை. "ரயிலயே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல? வந்து தொலைச்சிருக்காதுல்ல?" என்றுதான் முதல் பேச்சு.

பாட்டு போனதும் வகுப்பு செத்துவிட்டது. மறுபடி ரயில், மறுபடி சிவப்பு மிளகாய். செப்டம்பர் முழுக்க அப்படியே ஓடியது. நீங்கள் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் மெலா மறுபடி "ஆமென்" என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு அப்புறம் நீங்கள் கூப்பிடவே மாட்டீர்கள் என்றும் நினைத்தேன்.

இந்த மாதம் என்ன நடந்தது என்றால், மழை வரவில்லை. காப்பி எல்லாம் விற்றாயிற்று, நிலம் உழுதாயிற்று, விதைச் சோளம் கூடையில் தயார். வானம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. பெரியவர்கள் நிலத்தில் கூடி எங்கள் பேச்சில் பாடினார்கள். ஒன்றும் இல்லை. போன வாரம் லம்பெர்துஸ் பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகளின் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பிறகு, "அந்த உத்தரவப் போடச் சொல்லுடா" என்றார்.

திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பு முழுவதையும் நிலத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் நிலம் சிலந்தி வலை மாதிரி நடுவிலிருந்து பிரியும் என்பது உங்களுக்குத் தெரியும். யுஸ்தினாவின் பங்கில் நீங்களும் ஒரு வருஷம் சோளம் போட்டீர்கள். அந்த நடுக்கல்லைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்தினேன். ஊரே வரப்பில் நின்றது. எல்லாரும் சேர்ந்து மேகத்தைக் கூப்பிட்டார்கள். பிறகு பழக்கப்படி ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ஒருத்தி காற்றைக் கூப்பிட்டாள். ஒருவன் தன் எருமையைக் கூப்பிட்டான். அது பின்னால் ரெகினாவின் மரவள்ளியில்தான் நின்றுகொண்டிருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தது. "ஒனக்குக் காது கேக்குது, வானத்துக்குத்தான் கேக்கல. வெளிய வாடி மொதல்ல" என்று ரெகினா கல்லை எடுத்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மெலா முன்னால் வந்துவிட்டாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. கைகளைத் தலைக்குமேல் வைப்பாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. கீழே, வெகு தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியுமே, அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். விழுந்த பல்லின் சந்து வழியாகக் காற்று வர, சத்தமாகப் பாடினாள். நீங்கள் அவள் வாயால் கேட்டதில்லை என்பதால், சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"பாபா டி செபராங், புலாங்லா கெ கெபுன்."

அக்கரையில் இருக்கும் அப்பாவே, தோட்டத்துக்குத் திரும்பி வா. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ரெகினா கல்லைக் கீழே போட்டுவிட்டாள்.

திரும்பி வா என்ற அந்தச் சொல்லை நான் கற்றுத்தரவில்லை, மாப்பிள்ளை. என் பாட்டில் இருப்பது இறங்கி வா என்பதுதான். வீட்டுக்கு வந்து விசாரித்தேன். அரிசி புடைக்கும்போது செபினாவிடம் கேட்டிருக்கிறாள்: "அத்தே, தூரத்துல இருக்கறவங்கள எறங்கி வான்னு கூப்புடலாமா?" செபினா விஷயம் தெரியாமல், "எதுக்கு, அவங்க என்ன மரத்து மேலயா குந்திருக்காங்க? திரும்பி வான்னு கூப்புடு" என்று புலாங் என்ற இந்தோனேசிய வார்த்தையைக் கொடுத்திருக்கிறாள். அதை எத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாளோ தெரியாது.

மழை மூன்று நாள் கழித்து வியாழக்கிழமைதான் வந்தது, நல்ல மழை. ஏன் தாமதம் என்று கேட்டதற்குப் பெரியப்பா சொன்னார்: "நடுவுல அந்தப் பொண்ணு வேற ஆளக் கூப்புட்டுடுச்சுல்ல. யாரு மொதல்ல வரதுன்னு மழைக்குக் கொழப்பம்." சோளம் ஊன்றியாயிற்று. உங்கள் பங்கிலும் நானே ஊன்றிவிட்டேன்.

மழைக்கு உண்டான சேவலை அறுத்து மெட்டை மூட உட்கார்ந்தபோது பெரியப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இது பாதிதான் மூடும் என்றார். இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறது, ஒருவர்தான் வந்திருக்கிறார். மற்றவர் வருகிறவரை மெட்டு திறந்தே இருக்கும், அவருக்கு ஒரு சேவலைக் கட்டி வை என்றார். ஒரு சிவப்புச் சேவல் இப்போது எங்கள் அடுப்படிக்குக் கீழே கட்டியிருக்கிறது. என் விதைச் சோளத்தைத் தின்கிறது. ரெகினா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "சீக்கிரம் வரச் சொல்லு, இல்லாட்டி மாப்பிள்ள வரதுக்குள்ள இது தாத்தா ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுடைய தம்பி பொனவெந்துராதான் இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவருகிறான். அவன் கப்பல் டிசம்பர் நடுவில் இங்கே திரும்புகிறது என்றான். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பெண் கொடுத்த வீடு கூப்பிட்டால் பெண் எடுத்தவர் வராமல் இருப்பது எங்கள் முறை இல்லை என்று நான் எழுதலாம். எழுதவில்லை. கூப்பிட்டது நான் இல்லை.

வர முடியாமல் போனால், கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். குன்றின்மேல் நின்றிருப்போம். பதற்றத்தில் அவள் மறுபடி "ஆமென்" என்று சொல்லக்கூடும். வைத்துவிட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு அடுத்த வார்த்தையும் வரும்.

கடல் உங்களுக்குச் சாந்தமாக இருக்கட்டும். தேவமாதா துணை இருப்பாள். யுஸ்தினாவின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டிவிட்டோம்.

சேவலுக்குத் தீனி வைப்பது மெலாதான், வேறு யாரையும் விடுவதில்லை. கொஞ்சமாகத்தான் வைக்கிறாள். கொழுத்துவிட்டால் நீங்கள் வருவதற்கு முன்பே நாங்கள் அறுத்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

உங்கள் மைத்துனன்,
ரோஃபினுஸ்