கொலுவில் ஏறிய கோழிக் கடை ராஜா

அண்ணி,

இன்று காலை உங்கள் மகள் தரணி என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். கோழிக் கடையில் சாப்பாட்டோடு கொடுத்த ஆறு பிளாஸ்டிக் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. கடற்கரைக் கோயில், கல் ரதம், சிங்கத் தூண், பாய்மரக் கப்பல், யானை, தலையாட்டும் பல்லவ ராஜா. "ஞாபகம் இருக்கா அத்தை? அம்மா சேர்த்தாங்களே. ஒருத்தர்கிட்ட முழு செட்டும் இருக்காம், வாங்கப் போறேன்" என்று கீழே எழுதியிருந்தாள். இந்தப் பொம்மைகளை நினைத்து உருகுகிறவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். சரித்திரத்தைப் பொரித்த கோழியோடு படித்த கூட்டம். ஞாபகம் இல்லாமல் என்ன? ஒரு இதயத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திருப்போரூருக்கு உள்ளே ஒரு கிராமத்தில் மீனும் கோழியும் தின்று வளர்ந்தவர் நீங்கள். அண்ணன் உங்களை விரும்பிக் கட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு, எங்கள் சைவ வீட்டுக்கு அழைத்து வந்தான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இனி கவிச்சி வாயில் படக்கூடாது. நீங்கள் சரி என்றீர்கள். கடைசி வரை படவும் இல்லை. அதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. ஆனால் அந்த வீட்டில் உங்களை யார் மதித்தோம்? நீங்கள் "இன்னா" என்று வாயைத் திறந்தாலே நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். நாத்தனார் என்ற பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல்தான் நடந்துகொண்டேன்.

சனிக்கிழமைகளில் மட்டும் நாம் கூட்டாளிகள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, நாலு வயது தரணியைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறுவோம். அங்கே அந்தக் கோழிக் கடையில் குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டி இரண்டு விதம். ஒன்றில் கோழி, ஒன்றில் உருளைக்கிழங்கு. எதை வாங்கினாலும் கூட வருவது அதே பொம்மைதான். நீங்கள் உருளைக்கிழங்குப் பெட்டி வாங்குவீர்கள். தரணி சறுக்கு மரத்தில் விளையாடப் போய்விடுவாள். நான் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து லெக் பீஸ் தின்பேன். காலேஜ் தோழிகளிடம் பழகிய பழக்கம். ஒரு நாளும் நீங்கள் என் தட்டைப் பார்த்து ஆசைப்பட்டதில்லை. திரும்பும்போது வாசனை தெரியாமலிருக்க என் கையில் சோம்பு தருவீர்கள். பொம்மையோடு வரும் அட்டையை ரயிலில் எழுத்துக் கூட்டித் தரணிக்குப் படித்துக் காட்டுவீர்கள். பத்தாவதோடு நின்ற படிப்பை அந்த நாலு வரி அட்டையில் தொடர்ந்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மாமல்லபுரத்துக்குப் போனபோது பொம்மை ரதத்தைப் பையில் எடுத்து வந்து, நிஜ ரதத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்கள். "நெஜத்துல சக்கரமே இல்லியே மஞ்சு, பொம்மைக்கு மட்டும் எதுக்கு வெச்சிகிறானுங்க?" என்றீர்கள். பக்கத்தில் நின்ற யாரோ திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அந்த நவராத்திரிக்குத்தான் அம்மா முதன்முதலாக உங்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் ஏற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் அது உங்கள் பாடு என்றாள். நீங்கள் கடைப் பொம்மை வாங்கவில்லை. படிகளுக்குக் கீழே கடல் மணலைப் பரப்பி, நீலக் காகிதத்தில் அலை செய்து, கேழ்வரகு முளைக்கவிட்டு, ஒரு மாமல்லபுரத்தையே கட்டினீர்கள். ராஜாவை மட்டும் கடைசிப் படியில் ஏற்றினீர்கள். வந்த பெண்களெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "எங்க மருமக கைவேலை" என்று அம்மா சொன்னாள். அப்படி அவள் சொன்னது அந்த நாலு நாள்தான்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அம்மாளின் மருமகள் சுண்டல் வாங்க வந்தாள். ராஜாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இது தாம்பரத்துக் கோழிக் கடையில் கொடுக்கிற பொம்மை அல்லவா என்று கேட்டாள். பாவம், பெருமையாக நினைத்துத்தான் கேட்டாள்.

"யாருடி அங்க போனது?" என்றாள் அம்மா.

உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் இதே பொம்மைதான் என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள். அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த மாதம்தான் என்னைப் பெண் பார்க்கத் திருக்கழுக்குன்றத்திலிருந்து வருவதாக இருந்தது. எங்களைவிட ஆசாரமான குடும்பம். ஆனால் பயந்து போய்ச் சொன்னேன் என்று நான் தப்பிக்கப் போவதில்லை. அந்த நாலு நாள் உங்களுக்குக் கிடைத்த புகழ் எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணிதான் சாப்பிடுவாங்க. நான் துணைக்குப் போவேன், அவ்ளோதான். எனக்கு அந்த நாத்தமே ஆகாது" என்றேன்.

வந்தவர்கள் பார்த்திருக்க, உங்கள் கையாலேயே எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட வைத்தாள் அம்மா. தரணி ராஜாவைக் கேட்டு அழுதாள். அம்மா படிகளுக்கு மஞ்சள் நீர் தெளித்தாள். உங்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்தன. அண்ணன் ஒரு மாதம் உங்களிடம் பேசவில்லை. அம்மா சாகும்வரை உங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் குழாயடியில் அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் துணி எடுக்கப் போனேன். என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "மாப்ள வூட்டுக்காரங்க வந்து நல்லபடியா முடியட்டும் மஞ்சு. அப்பால நீயே அத்தைகிட்ட சொல்லிடு" என்றீர்கள்.

நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், பிறகு குழந்தை பிறக்கட்டும் என்று. அம்மா படுக்கையில் விழுந்ததும், இந்த நிலைமையில் சொல்லி வருத்துவானேன் என்று விட்டுவிட்டேன். நல்லவளாக இருப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. நீங்கள் ஒரு தரமும் நினைவுபடுத்தவில்லை.

போன வருஷம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், தரணி மருந்து வாங்கப் போன நேரத்தில், என் கையைப் பிடித்தீர்கள். "உங்கம்மாதான் பூட்டாங்க. தரணிக்கு மட்டுமாவது சொல்லிடு மஞ்சு. அவ அம்மா திருடித் தின்னவன்னு அவ நெனச்சிகினு இருக்க வேணாம்." சரி அண்ணி என்றேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

வருஷத் திதி அன்று கீழே வடை பாயசத்தோடு எல்லாம் முறையாக நடந்தது. முடிந்ததும் தரணி என்னை மாடிக்கு அழைத்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் தனியாக ஓர் இலை போட்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் கடையின் கோழிப் பெட்டி. பாட்டிக்குப் பயந்து அம்மா ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டார்கள், இனியாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. உங்களை நினைத்து அவள் கூச்சப்படவில்லை, அண்ணி. கொண்டாடுகிறாள்.

"இதுல அம்மாவுக்கு எது பிடிக்கும் அத்தை? நீங்கதானே கூடப் போவீங்க."

அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். நேரமும் இருந்தது.

"லெக் பீஸ்" என்றேன்.

அவள் அதைப் பார்த்து எடுத்து உங்கள் இலையில் வைத்தாள். இருபது வருஷத்துக்கு மேல் தொடாமலிருந்ததை உங்கள் மகள் கையாலேயே உங்களுக்குப் படைக்க வைத்தேன்.

என் வீட்டுக்காரர் போய்விட்டார், பையன் வெளிநாட்டில். என் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து, மூன்று வேளையும் மருந்து விட்டவள் தரணி. அவளுக்குத் தெரிந்தால் இந்தப் படியேற மாட்டாள். அடுத்த திதிக்கும் அந்த இலையைப் போடப் போகிறாளாம். அதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் இனி எதற்குப் பொய்? சொல்ல மாட்டேன், அண்ணி.